தொலோகோனின் விளக்கும் வானத்துக் குதிரையும்

ஜிர்கல் பொய்ப்பல் செய்கிறவன். கிர்கிஸ்தானின் தலைநகர் பிஷ்கெக்கில் பாதிப் பேர் அவன் கடைந்த பல்லால்தான் ஆட்டிறைச்சி மெல்லுகிறார்கள். அதோடு நின்றிருக்கலாம். விதி யாரை விட்டது? ஊர் ஓரத்தில் வீடு கட்டி, கொல்லையில் தொலைநோக்கியை நட்டு, நெபுலாக்களைப் படம் பிடிக்கிறேன் என்று கிளம்பினான். நெபுலா என்றால் நட்சத்திரங்களுக்கு நடுவே கிடக்கும் வாயு மேகம். ஆளில்லாத மலை உச்சியில்கூட மங்கலாகத்தான் படத்தில் விழும். இவனோ கரிப்புகை கவிந்த ஊரில், தெருவிளக்குக்கும் கார் கழுவும் கடை விளக்குக்கும் நடுவில் உட்கார்ந்து நூற்றுக்கணக்கில் படம் எடுப்பான். பிறகு எல்லாவற்றையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவான். அடுக்க அடுக்க அழுக்குப் போய் உருவம் தெளியும் என்பது அவன் நம்பிக்கை.

தெருவிளக்கைச் சமாளிக்க அவனிடம் வடிகட்டிக் கண்ணாடி இருந்தது. பக்கத்து வீட்டுத் தொலோகோனைச் சமாளிக்க எந்தக் கண்ணாடியும் இல்லை. அவர் பந்தயக் குதிரைக்காரர். கார்லிகாச் என்ற பெண் குதிரையை லாயத்தில் கட்டிவிட்டு, திருடனுக்குப் பயந்து, கால்பந்து மைதானத்துக்குப் போடுகிற மாதிரி ஒரு விளக்கைக் கூரையில் ஏற்றியிருந்தார். அது லாயத்தைவிட ஜிர்கலின் கொல்லையைத்தான் நன்றாகக் காவல் காத்தது.

"அண்ணே, ஒரே ஒரு நாள் அதை அணைச்சு வைங்களேன். வானத்துல ஒரு குதிரை இருக்கு, படம் புடிக்கணும்."

"வானத்துல குதிரையா? யாரோடது?"

"யாரோடதும் இல்லண்ணே, குதிரை மாதிரி ஒரு கறுப்பு மேகம். மூணு காட்டாடுன்னு சொல்வோமே, வரிசையா மூணு நட்சத்திரம், அதுல கீழாட்டுக்குப் பக்கத்துல. தலை மட்டும்தான் தெரியும்."

"தலை மட்டும் இருக்கற குதிரைக்காக என் முழுக் குதிரையை இருட்டுல நிறுத்தணுமாக்கும்! போடா, போய்ப் பல்லைக் கடை."

இதைக் கல்யாண விருந்துகளில் எல்லாம் சொல்லிச் சிரித்தார். ஒரு விருந்தில் ஜிர்கலுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து, ரொட்டியின்மேல் கையை வைத்தான். மார்ச்சில் வரும் நோரூஸ் புத்தாண்டுப் பண்டிகைக்குள் குதிரையைக் காட்டுகிறேன், காட்டாவிட்டால் தொலைநோக்கிக் குழாயை விற்றுவிடுகிறேன் என்றான். தொலோகோனும் சளைக்காமல் அதே ரொட்டியில் கை வைத்தார். காட்டினால் விளக்கை அணைத்துவிடுவாராம். ரொட்டியைத் தொட்டுச் சொன்னதை எங்கள் ஊரில் யாரும் மீற மாட்டார்கள்.

"வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா?" என்றாள் மனைவி ஆசில்கான். "விக்கறதுன்னு ஆயிட்டா எங்க மாமாகிட்ட சொல்லுங்க. அந்தக் குழாய் அவரு அடுப்புப் புகைபோக்கிக்குச் சரியா இருக்கும்."

குளிர்காலம் கழிந்தது. அடுக்கிய படத்தில் குதிரை வரவில்லை, தொலோகோனின் விளக்குதான் வந்தது. மார்ச் பிறந்ததும் நட்சத்திரங்கள் மேற்கே சாய ஆரம்பித்தன. கேமராவுக்கான கார் பேட்டரியும் அந்த நேரம் பார்த்துப் படுத்துவிட, அதைத் தூக்கிக்கொண்டு சார்ஜ் போடத் தெருமுனைக் கடைக்கு நடந்தான்.

தெரு பார்த்தது. வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறவன் பேட்டரியோடு ஓடுகிறான் என்றால் சும்மாவா?

"ஜிர்கல் பேட்டரி தூக்கிட்டுப் போறான்டி! இன்னைக்குக் கரண்டு போகப்போகுது!"

போவதற்குள் வேலையை முடிக்க வேண்டாமா? எல்லா வீட்டிலும் ஹீட்டரை முறுக்கினார்கள், கெட்டிலை வைத்தார்கள், துணியை மெஷினில் திணித்தார்கள். டிரான்ஸ்ஃபார்மர் எவ்வளவுதான் தாங்கும்? டமார். தெருவே இருட்டு.

"பாத்தியா, அவனுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு!"

வானம் கழுவிவிட்டது போல் இருந்தது. தொலோகோன் விளக்கும் போயிருந்தது. ஜிர்கலின் பேட்டரியோ கடையில், காலியாக. அவன் கொல்லையில் நின்று பல்லைக் கடித்தான்.

ஆனால் மூளை வேலை செய்தது. நோரூஸுக்கு முந்தைய வாரம், பேட்டரியை வேலை செய்கிற இடத்திலேயே முழுக்கச் சார்ஜ் ஏற்றிக்கொண்டான். சாயங்காலம் அதை மார்போடு அணைத்து, தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கும், அந்த முனையிலிருந்து இந்த முனைக்கும் நடந்தான். யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. பொய் சொல்லவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ள அது வசதியாக இருந்தது.

தெரு மறுபடி ஹீட்டரை முறுக்கியது. பொழுது சாய்ந்த கொஞ்ச நேரத்தில் டமார்.

நட்சத்திரங்கள் சாயும்வரை படம் எடுத்தான். அடுக்கினான். சிவந்த மேகத்தின் முன்னே கறுப்பாக, கழுத்தை வளைத்து, குதிரை நின்றது. ஜிர்கல் அழுதான். தன் வாழ்நாளில் தன் கையால் பல்லைத் தவிர வேறொன்று உருவானது அதுதான் முதல்முறை.

விடிந்ததும் பக்கத்து வீட்டில் கூச்சல். கார்லிகாச்சைக் காணோம். இருட்டில் யாரோ அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நோரூஸ் அன்று தெருவில், முளைகட்டிய கோதுமையில் காய்ச்சும் சுமொலோக் கூழ் அண்டாவைச் சுற்றிக் கூட்டம். ஜிர்கல் வெளியே வராமல் கிடந்தான். ஆசில்கான் படத்தை அவன் கையில் திணித்துத் தள்ளிவிட்டாள். அவனைக் கண்டதும் கிழவர்கள் எழுந்து இடம் விட்டார்கள்.

"இவன் ஒருத்தன்தான்பா நம்மளை எச்சரிச்சான். எல்லா வீட்டுக்கும் தெரியற மாதிரி பேட்டரியத் தூக்கிட்டு நடந்தானே! கரண்டு ஆபீஸ்காரனுக்கு இந்த அக்கறை உண்டா?"

முதல் கரண்டிச் சுமொலோக் அவனுக்கு. அவன் வாங்கி அண்டா ஓரத்தில் வைத்துவிட்டான்.

தொலோகோன் படத்தை வாங்கி, வெகுநேரம் பார்த்தார்.

"காது சின்னது. கழுத்து பரவாயில்ல." மூக்கை உறிஞ்சினார். "குதிரைதான்டா. ஒத்துக்கறேன். விளக்கை அன்னைக்குக் காலையிலயே கழட்டிட்டேன். இனிமே அது எதுக்கு?"

"அண்ணே..."

"ஒண்ணு கேக்கறேன், சிரிக்காதே." அவர் குரல் இறங்கியது. "உன் குழாய்க்கு அவ்வளவு தூரத்துல இருக்கறது தெரியுதே. என் கார்லிகாச் எந்தக் கொட்டாயில நிக்குதுன்னு ஒரு தடவ பாத்துச் சொல்லேன்."

கூட்டமெல்லாம் ஜிர்கலின் வாயையே பார்த்தது. அவன் சொன்னால் பலிக்கும் என்று அத்தனை பேரும் நம்பினார்கள்.

"அது தெரியாதுண்ணே" என்றான். படத்தை அவர் கையிலேயே விட்டுவிட்டு, தான் பேட்டரி சுமந்து நடந்த அதே தெருவில் வீட்டுக்குத் திரும்பினான்.