கல்யாணப் படத்துக்குப் பின்னால்

வீட்டு வாசலைத் துணித்திரையால் இறுக்க அடைத்து, அதன் நடுவில் ஒரு பெரிய விசிறியைப் பொருத்தினார் பரிசோதகர். அது உள்ளிருக்கும் காற்றை வெளியே இழுக்கும். எங்கெல்லாம் ஓட்டையோ அங்கெல்லாம் வெளிக்காற்று உள்ளே புகும். கசிவின் அளவு ஆறுக்குள் நின்றால் சான்றிதழ். அது கையில் இருந்தால், மின்சாரத்தை மிச்சப்படுத்தச் செய்த செலவில் பாதி இந்த வருஷ வருமான வரியில் கழியும்.

தையல்காரிக்கு அந்தப் பாதி வேண்டும். புது மோட்டார் மிஷினுக்கென்று நாலு வருஷமாகச் சேர்த்ததையெல்லாம் இரட்டைக் கண்ணாடி ஜன்னலிலும் கூரைக்கு அடியில் பரப்பிய பஞ்சிலும் கொட்டியிருந்தாள். பேருந்து ஓட்டும் அவள் கணவரோ, "எங்க வீட்ல காத்தைப் பிடிச்சுக் கட்டப் போறா" என்று டிப்போ முழுக்கக் கேலியாகத் தம்பட்டம் அடித்திருந்தார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனிதர்.

"ஆறு புள்ளி நாலும்மா," என்றார் பரிசோதகர். "இன்னும் ஒரு தடவை அளக்கலாம். அதுலயும் வரலைன்னா அடுத்த வருஷம்தான்."

"நான் அப்பவே சொன்னேன்ல," என்றார் கணவர், சோபாவில் சாய்ந்தபடி.

அழுது உட்காருகிற ஜாதி இல்லை அவள். நூல்கண்டிலிருந்து ஒரு முழம் அறுத்தாள்.

"விசிறி ஓடட்டும் சார். அரை மணி நேரம் குடுங்க."

நூலைத் தொங்கவிட்டபடி சுவர் சுவராக நடந்தாள். ஜன்னலில் அசையவில்லை. சமையலறையிலும் அசையவில்லை. சோபா பக்கம் வந்தபோது கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அங்க ஒண்ணும் இல்ல. வெறும் சுவருதான்."

கல்யாணப் படத்தின் ஓரத்தில் நூல் துள்ளியது. படத்தைக் கழற்றினாள். பின்னால், எலுமிச்சம்பழம் நுழையும் அளவுக்கு ஒரு துளை.

"ஏசி குழாய்க்குப் போட்டது," என்றார் அவர், தரையைப் பார்த்து. "இடம் மாறிப்போச்சு. சொன்னா திட்டுவியேன்னு..."

எட்டு வருஷம். நம்ம படம் ஹாலில்தான் இருக்கணும் என்று இவர் அன்று உருகியதை நினைத்து எட்டு வருஷமாகப் பூரித்திருக்கிறாள். பற்றிக்கொண்டு வந்தது. சிரிப்பும் வந்து தொலைத்தது.

"திட்டறது அப்புறம். மிச்சப் பஞ்சை எடுத்துட்டு வாங்க. ஜன்னல் ஓரத்துக்குப் பூசின பசையும்."

அவரே சோபாமேல் முட்டி போட்டு அடைத்துப் பூசினார். அவள் பக்கத்தில் நின்று விரல் நீட்டி வேலை வாங்கினாள்.

விசிறி மறுபடி சுற்றியது. பரிசோதகர் கருவியை இரண்டு தடவை பார்த்தார்.

"அஞ்சு புள்ளி ஒன்பது. எத்தனையோ வீடு அளந்துட்டேன், நூலை வச்சு ஓட்டை பிடிச்சது நீங்கதாம்மா."

கையெழுத்திட்ட சான்றிதழை வாங்கியபோது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மிஷின் வந்து இறங்கிவிட்டது போலவே இருந்தது.

"நாளைக்கு டிப்போல சொல்லுங்க, காத்தைப் பிடிச்சுக் கட்டியாச்சுன்னு."

"சொல்றேன்," என்றார் கணவர். படத்தைத் துடைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். "இதை எங்க மாட்ட? இப்பவாச்சும் படத்துக்காகவே மாட்டறேனே."

"புது மிஷினுக்கு மேல," என்றாள். "ஆனா ஆணி நான்தான் அடிப்பேன்."