எட்டுக் குஞ்சும் மொட்டைக் கழுத்து

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது ஒரு கோழிச் சண்டையில் பிறந்த கதை. பாடசாலை விஞ்ஞான மலருக்கு, ஒரே மரபணுவின் மாற்று வடிவங்களான எதிருருக்கள் பற்றி எளிமையாக ஏதாவது எழுதித் தாருங்கள் என்றார்கள். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் ஓம் என்றுவிட்டேன். எதிருரு பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் என் வேலிக்கு அந்தப் பக்கம் நடந்ததுதான்.

முதல் தொடக்கம்: "களப்பின் மேல் செங்கதிர் பரவிய அதிகாலையில், கம்பீரமாகக் கூவிய அந்தச் சேவல்..."

[பொய். அந்தச் சேவல் மத்தியானச் சோற்று நேரத்தில்தான் கூவும்.]

இரண்டாம் தொடக்கம்: "உயிரியொன்றின் பிறப்புரிமையமைப்பானது அதன்..."

[எனக்கே கொட்டாவி வந்துவிட்டது. விடுங்கள்.]

2

கரைத்தீவில் எனக்கு அடுத்த வளவு அல்பொன்சாவுடையது. புருசன் கடலுக்குப் போகிறவர். அதற்கு அடுத்தது றஹ்மத் உம்மாவுடையது. தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னார்ப் பக்கமிருந்து உடுத்த துணியோடு வந்தவர். இருபது வருடமாக இருவருக்கும் ஒரே வேலி, அதிலும் பாதி ஓட்டை. யுத்தம் முடிந்து மறுவருடம், றஹ்மத் உம்மா சொந்தக் காணிக்கே திரும்புவதென்று முடிவானது. அல்பொன்சா அழவில்லை. அடையில் கிடந்த எட்டு முட்டைகளைப் பங்கு பிரிக்கக் கிளம்பினாள்.

"பெட்டை என்ட, சேவல் உங்கட. பொரிக்கிறதில மொட்டைக் கழுத்தெல்லாம் உங்களுக்கு, முடிக் கழுத்தெல்லாம் எனக்கு. சரியா அக்கா?"

"ஓம் புள்ள, எனக்கென்ன."

றஹ்மத் உம்மாவின் சேவல், மகன் முந்தல் சந்தையில் புதிதாக வாங்கி வந்தது. கழுத்தில் மருந்துக்கும் ஒரு முடி கிடையாது.

(அடிக்குறிப்பு போல ஒன்று: அல்பொன்சாவின் கணக்கில் பாதிக் குஞ்சு தாயைப் போல, பாதி தகப்பனைப் போல. கலியாண வீட்டில் பிள்ளைகளைப் பார்த்து "இது தாய்ப்பக்கம், இது தகப்பன் பக்கம்" என்று ஆள் பிரிப்போமே, அதே கணக்கு.)

3

எட்டும் பொரித்தன. எட்டும் மொட்டைக் கழுத்து.

"ஐயோ மாதாவே! உங்கட சேவல் என்ட பெட்டைய ஏமாத்திப்போட்டுது!"

"அதுக்கு நான் என்ன செய்ய? ரெண்டு எடு புள்ள."

"எனக்குப் பிச்சை வேணாம். பேச்சு பேச்சுத்தான்."

அத்தோடு பேச்சு நின்றது. வெள்ளிக்கிழமை சாமான் ஏற்ற லொறி வருகிறது. இருபது வருடப் பழக்கம், இவர்கள் ஒரு வார்த்தை பேசாமலே பிரிந்துவிடுவார்களோ என்று நான் வேலிக்கரையில் அங்குமிங்கும் நடந்தேன். கதாசிரியர் அழக் கூடாதுதான். நான் அழுதேன்.

4

[இங்கே நிஸ்மியா வருகிறாள். றஹ்மத் உம்மாவின் மருமகள், விஞ்ஞான ரீச்சர். "நிலவு முகத்தாள்" என்று எழுதியிருந்தேன். வாசித்துவிட்டு, "அத வெட்டுங்க சேர்" என்றாள். வெட்டியாயிற்று.]

அவள் மாமியை இழுத்துக்கொண்டு, கையில் ஒரு குஞ்சோடு வேலி ஓட்டையால் வந்தாள்.

"அன்ரி, இந்தக் கழுத்து விசயத்துக்கு ரெண்டு எதிருரு. ஒண்டு தாய் குடுக்கிறது, ஒண்டு தகப்பன் குடுக்கிறது. எங்கட சேவலிட்ட ரெண்டுமே மொட்டை. உங்கட பெட்டையிட்ட ரெண்டுமே முடி. அப்ப ஒவ்வொரு குஞ்சுக்கும் ஒரு மொட்டை, ஒரு முடி. சேந்து இருந்தா மொட்டைதான் அதிகாரம் பண்ணும்."

"என்ட முடி வாய மூடிக்கொண்டு இருக்குதா?"

"முழுக்க இல்ல. இந்தா, முன்கழுத்தில ஒரு கொத்து. தகப்பனுக்கு இது இல்லையே. இது உங்கட பங்கு."

"அப்ப அதை வெட்டித் தாங்க!"

றஹ்மத் உம்மாவுக்குச் சிரிப்பு வெடித்தது. அல்பொன்சா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பொறுங்க அன்ரி. இதுகள் வளந்து தங்களுக்குள்ள சேந்தா, நாலுக்கு ஒண்டு முழுக் கழுத்தும் முடியோட வரும்."

"அப்பிடி ஒண்டு பொரிச்சா அது உன்ட," என்றார் றஹ்மத் உம்மா. "ஆனா நீ வந்துதான் எடுக்கோணும். பஸ்ஸில குடுத்துவிட மாட்டன்."

அல்பொன்சா யோசித்தாள். "அந்தப் பெரிய சேவலும் அங்க போகுதா?"

"அது சேந்தா ஒரு குஞ்சுக்கும் முழு முடி வராதே," என்றாள் நிஸ்மியா.

"அப்ப அறுங்க!"

வியாழக்கிழமை புரியாணி. சேவலின் கருத்தை யாரும் கேட்கவில்லை. அல்பொன்சா இரண்டு கோப்பை சாப்பிட்டாள்.

5

முடிவு அ: மறுவருடம் கழுத்து நிறைய முடியோடு ஒரு குஞ்சு பொரிக்கிறது. அல்பொன்சா போய்த் தூக்கி வருகிறாள்.

[நல்ல முடிவு. அதனால்தான் நம்ப முடியவில்லை.]

முடிவு ஆ: ஒன்றுகூட அப்படிப் பொரிக்கவில்லை. நாலுக்கு ஒன்று என்பது சராசரிதான், எந்தக் கோழியும் அப்படிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவில்லை என்கிறாள் நிஸ்மியா.

முடிவு இ: ஒன்றும் பொரிக்கவில்லை. ஆனாலும் றஹ்மத் உம்மா அல்பொன்சாவுக்குப் போன் எடுக்கிறார்: "ஒண்டு பொரிச்சிருக்கு புள்ள. வெளிக்கிட்டு வா."

எது நடந்தது என்று நான் எழுத மாட்டேன். நீங்களே ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். போன திங்கட்கிழமை மன்னார் பஸ்ஸுக்கு நின்ற அல்பொன்சாவைக் கண்டேன், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஒரு கையில் கருவாட்டுப் பொட்டலம், மறு கையில் ஒரு கிழமைக்குப் போதுமான உடுப்புப் பை.

"குஞ்சு கொண்டுவரக் கூடை எங்க அல்பொன்சா?"

"பொய் சொல்லேக்க அந்த மனிசியிட குரல் எப்பிடி இருக்கும் எண்டு எனக்குத் தெரியாதா?" என்றாள். "தள்ளி நில்லுங்க, பஸ் வருது."