முடி எடுக்கும் மெஷினும் லிஃப்ட் மெக்கானிக்கும்

நான் நீச்சல் சொல்லித்தருகிறவள். இந்தக் கோடைக்கு எங்கள் குளத்தின் வாசலில் ஆளுயரப் படம் வைக்கப்போவதாக மேனேஜர் சொன்னார். படத்தில் நான், அரைக்கால் நீச்சலுடையில், குதிக்கத் தயாராக. திங்கட்கிழமை காலை ஒன்பதுக்குப் போட்டோகிராபர் வருகிறார். என் கால் முடியை ஊரே நின்று எண்ணும் என்று நினைத்து எனக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

சனிக்கிழமை கடைக்குப் போய், வெளிச்சம் பாய்ச்சி முடி எடுக்கும் மெஷினை வாங்கிவந்தேன். தோலில் வைத்து அழுத்தினால் பளிச்சென்று ஒரு வெளிச்சம், அது முடியின் வேரைக் கவனித்துக்கொள்ளும். முதலில் ஷேவ் செய்துகொள்ளுங்கள் என்று கூட வந்த புத்தகத்தின் முதல் பக்கத்தில் போட்டிருந்தது. மற்ற பக்கங்களைப் படிக்க யாருக்கு நேரம்? ஞாயிறு மத்தியானம் குளியலறையில் அரை மணி நேரம் ரேசரோடு குனிந்து நிமிர்ந்தேன். காலைத் துடைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து மெஷினை அழுத்தினேன்.

சிவப்பு விளக்கு எரிந்தது. வெளிச்சம் வரவில்லை. கணுக்காலில் சிவப்பு, முழங்காலில் சிவப்பு. நீச்சலுடை மறைக்கிற தொடையில் வைத்தால் மட்டும் பச்சை. இரண்டு மாதமாகத் திறந்தவெளிக் குளத்தில் வெயில் காய்ந்த கால், கறுக்காமல் என்ன செய்யும்?

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு மெஷின் முடியாது என்று சொன்னால் அது அவருக்குத் தன்மானப் பிரச்சினை. சென்சார் அடம்பிடித்தால் அதை ஏமாற்றி ஓட்டிப்பார்ப்பதெல்லாம் தொழிலில் சகஜம் என்று விளக்கிவிட்டு, வெள்ளை டேப்பைத் துண்டாகக் கிழித்து, தோலின் நிறம் பார்க்கிற சென்சார் ஓட்டையில் ஒட்டினார். உடனே பச்சை. மனிதருக்கு வாயெல்லாம் பல். நான் ஆசையாகக் காலை நீட்டினேன்.

அவர் மெஷினைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "இரு. சென்சாரை ஏமாத்தின லிஃப்ட்ல மெக்கானிக்தான் முதல்ல ஏறணும்."

சட்டைக் கையை மடக்கினார். தினமும் வெயிலில் பைக் ஓட்டுகிற கை, என் காலைவிட இரண்டு மடங்கு கறுப்பு. அதை அப்போதே சொல்லியிருக்கலாம். அவசரத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன்.

பளிச்.

அவர் கத்தவில்லை. மெஷினை மிக மரியாதையாக மேஜையில் வைத்துவிட்டு, விறுவிறுவென்று சமையலறைக் குழாயைத் தேடிப் போனார். முன்கையில் தபால் தலை அளவுக்கு ஒரு சிவப்புச் சதுரம், நான்கு மூலையும் சுத்தமாக.

பயத்தில் அவரையே திட்டினேன். டேப்பை உரித்துக் குப்பையில் போட்டுவிட்டு, அவர் கையைத் தண்ணீரில் காட்டிக்கொண்டு நிற்க, புத்தகத்தைச் சத்தமாகப் படித்தேன். வெயிலில் கறுத்த தோல் வெளிச்சத்தை இழுத்துக்கொண்டு வெந்துவிடுமாம். நான்கு வாரமாவது வெயில் படாமல் இருந்து, நிறம் பழையபடி ஆன பிறகுதான் தொட வேண்டுமாம். அதற்குப் பிறகும் காலை மூட வேண்டும், இல்லாவிட்டால் சன்ஸ்கிரீன் தடவ வேண்டும். சிவப்பு விளக்கு எங்களைக் காப்பாற்றத்தான் எரிந்திருக்கிறது. அடுத்த பக்கம் இன்னும் மோசம். எல்லாம் சரியாக நடந்தாலும் முடி கொட்டத் தொடங்க ஒன்றிரண்டு வாரம் ஆகுமாம்.

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். நாளைக் காலை ஒன்பது மணிக்கு என்ன செய்வேன், பிள்ளைகளின் அம்மாக்கள் எல்லாரும் பார்ப்பார்களே என்று புலம்பினேன்.

அவர் குழாயடியில் நின்றபடியே என் கால்களை வெகுநேரம் பார்த்தார்.

"எதைப் பாப்பாங்க?" என்றார். "அங்க ஒண்ணுமே இல்லையே. மத்தியானமே நீதானே ஷேவ் பண்ணின?"

குனிந்து பார்த்தேன். கணுக்காலிலிருந்து தொடை வரை வழுவழுவென்று இருந்தது. ரேசரைக் கீழே வைத்ததிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கிறது. இல்லாத முடிக்காகப் புருஷனைச் சுட்டிருக்கிறேன்.