வாய் திறக்காத மரபணு

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, கசப்பான கதை ஒன்று சொல்கிறேன்.

ஆய்வகக்காரி ஒருத்தியின் அக்காவுக்குப் புற்றுநோய். கட்டியைத் தடுக்கும் மரபணு அக்காவிடம் இருந்தது. ஆனால் டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதத்தில் மெத்தில் என்ற ஒருவகை வேதிக்குறி ஒட்டியிருந்தால் அந்த மரபணு வேலை செய்யாது. குறி இருப்பது தெரிந்தால், அதை விலக்க மருந்துண்டு.

“உன் மாமா மாதிரி அதுவும் வாயே திறக்காம கிடக்குதா?” என்று அக்கா சிரித்தாள். “நீயே பாத்துச் சொல்லுடி, வேற யாரையும் நம்பமாட்டேன்.”

குறியில் ஒட்டி அதைக் காட்டிக்கொடுக்கும் ஆன்டிபாடி என்ற புரதத்தைக் கொண்டு, அக்காவின் கட்டித் துணுக்கைத் தங்கை சோதித்தாள். குறி தெரியவில்லை, மருந்தும் தரவில்லை.

அக்காவை அடக்கம் செய்த பிறகு, மீதமிருந்த துணுக்கைப் புதுக் குப்பி ஆன்டிபாடியால் மறுபடி சோதித்தாள். குறி பளிச்சென்று தெரிந்தது. வீணாக்கக் கூடாதென்று பழைய குப்பியைத் திரும்பத் திரும்ப உறையவைத்து உருக்கி, அதன் வீரியத்தை அவளே கெடுத்திருந்தாள்.

உங்கள் வீட்டில் யார் வைத்த நம்பிக்கையும் இப்படி வீண்போகாமல் இருக்கட்டும்.