டீயில் என்ன கலந்தாள்?

மூன்று வாரமாக மாமியார் ஒரே பாட்டுத்தான் பாடிக்கொண்டிருந்தார்: "இவ டீயில என்னத்தையோ கலக்கறா."

போன மாதம் வரை மருமகளை வாய் நிறைய மெச்சியவர்தான். இப்போது நடையில் தள்ளாட்டம், பேச்சில் குழப்பம். பாத்ரூமில் ஆள் ஒளிந்திருப்பதாகச் சொல்லி உள்ளே போகவே மறுத்தார். அதையெல்லாம் மருமகள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது வேறு.

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள் அவள். ஒரு நாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது பார்த்தால், எப்போதும் பாதியில் சிக்கி நிற்கும் அவள் கைப்பையின் ஜிப் முழுசாக மூடியிருந்தது. அந்தச் சிக்கலை எடுக்கத் தெரிந்தவன் வீட்டில் ஒருவன்தான், லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன். பையைத் துழாவியிருக்கிறான். பிறகு அவன் அம்மாவின் மாத்திரை அட்டையை எண்ணுவதையும் பாலை மோந்து பார்ப்பதையும் அவளே கண்டாள். அவள் போட்ட டீயை சிங்க்கில் ஊற்றினான்.

"என்மேல சந்தேகமா?"

"அம்மா சும்மா சொல்லுவாங்களா?"

பத்து வருஷம் அவள் கையால் சாப்பிட்டவன்!

மாமியாரை மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனார்கள். அங்கே அவன் முந்திக்கொண்டு பேசினான். டாக்டரம்மா அவனைக் கையமர்த்திவிட்டு மருமகளிடம் திரும்பினார்.

"இதுக்கு முன்னாடி இப்படி இருந்திருக்காங்களா?"

"இல்லீங்க. ரொம்பத் தெளிவா இருப்பாங்க."

"புதுசா மாத்திரை ஏதாவது?"

"பிரஷருக்கு மாத்திக் குடுத்தாங்க. ஒரு மாசம் இருக்கும்."

சொன்ன பிறகுதான் அவளுக்குத் திக்கென்றது. தினமும் மாத்திரை எடுத்துக் கொடுப்பது அவள்தானே! கணவன் அவளையே முறைத்துப் பார்த்தான்.

"இந்த வயசுல திடீர்னு வந்தா மனநோய்னு உடனே எழுதிட மாட்டேன்" என்றார் மருத்துவர். "முதல்ல ரத்தம் பாக்கலாம்."

ரத்தத்தில் உப்பு அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது; குழப்பமெல்லாம் அதனால்தான். அந்த மாத்திரை சிலருக்கு அப்படிச் செய்துவிடுமாம். மாத்திரையை நிறுத்தினார்கள். ஆஸ்பத்திரியில் ஆறு நாள், உப்பை மெல்ல மெல்ல ஏற்றினார்கள்.

வீட்டுக்கு வந்த மாமியாருக்கு நடந்தது எதுவுமே நினைவில் இல்லை. "டீ போடும்மா. ஆஸ்பத்திரி டீ வாயில வைக்க விளங்கல" என்றார்.

மூன்று கோப்பைகளில் ஊற்றி எடுத்து வந்தாள். மாமியார் மடமடவென்று குடித்து முடித்தார். கணவன் கோப்பையைக் கையில் பிடித்தபடி மனைவியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான், முதலில் அவள் குடிக்கட்டும் என்று.

அவள் தன் கோப்பையைத் தொடவில்லை.

"அத்தைக்கு உப்பு குறைஞ்சிருந்தது" என்றாள். "உங்களுக்கு என்னங்க குறைஞ்சது?"