நரி வராத ஓடை

சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாயை நரி இழுத்துக்கொண்டு போனதைத்தான் அங்கமுத்துவால் தாங்க முடியவில்லை. வேறு ஆடாக இருந்தால் நாலு வசவோடு விட்டிருப்பான். செட்டிகுளத்தில் எந்த வீட்டு ஆட்டைத்தான் நரி விட்டுவைத்தது? அய்யனார் பங்கிலேயே வாய் வைத்துவிட்டதே என்று, எட்டிக்கொட்டையை அரைத்து இறைச்சியில் தடவி ஓடை நெடுகப் போட்டான். மூன்றே நாளில் பதினொரு நரி செத்துக் கிடந்தது. ஊரே மெச்சியது. அவன் பெண்டாட்டி குஞ்சம்மாளுக்கும் அன்றைக்குப் பெருமை பிடிபடவில்லை. அதை ஒளிப்பானேன்?

அது போன வருஷம். இந்தத் தையில் சோளக்காட்டை எலி பிடித்துக்கொண்டது. காலையில் போனால் கதிரில்லாத தட்டைதான் நிற்கும். கிட்டி வைத்து இன்று இருபது பிடித்தால் நாளைக்கு நாற்பது ஓடும். யுத்தம் முடிந்தும் ரேஷனில் அரைவயிறுதான். இந்த வெள்ளாமையும் போனால் குத்தகையை வேறு ஆளுக்கு மாற்றிவிடுவேன் என்று நிலக்காரர் பஞ்சநாதன் கறாராகச் சொல்லிவிட்டார். அறுப்புக்கு இன்னும் பத்து நாள். பாதிக் கதிர்தான் மிச்சம்.

எலி வளை வெட்டத் தம்பியோடு வந்த வைரக்கண்ணு மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான். "அக்கா, நரி இருந்தவரைக்கும் அதுவே தின்னு தீத்துச்சு. நாங்க ரெண்டு பேரு எத்தினிய வெட்டுறது?"

அவன் குற்றமாகச் சொல்லவில்லை. குஞ்சம்மாளுக்கு அழுகையும் வரவில்லை, புருஷன் மேல் ஆத்திரமும் வரவில்லை. உள்ளுக்குள் எல்லாம் மரத்துப் போயிருந்தது.

பொழுது சாயும்போது கொட்டிலில் இருந்த ஒரே வெள்ளாட்டை அவிழ்த்தாள்.

"ஆட்ட எங்க புள்ள ஓட்டுற?" என்றான் அங்கமுத்து.

"ஓடையில கட்ட. பச்சைமலைப் பக்கம் நரி இருக்காம். ஆட்டுச் சத்தம் கேட்டா வராதா?"

அவன் தடுக்கவில்லை. முளைக்குச்சியை அவனே எடுத்துக் கொடுத்தான்.

விடிந்ததும் இருவரும் போனார்கள். ஆடு அசைபோட்டுக்கொண்டிருந்தது. குஞ்சம்மாள் அதன் கழுத்தையும் வயிற்றையும் தடவிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. பயமென்பதே இல்லாமல் எலிகள் அதன் கால்மாட்டிலேயே ஓடின.

"அவுத்துக்கிட்டு வா, போவலாம்."

"செத்த இருங்க," என்று அவள் ஓடை மணலில் உட்கார்ந்தாள். "இன்னும் கொஞ்சம் பாப்போம்."