நாற்பது மில்லிமீட்டர் குறைவு

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். என் டைரியில் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் ஒரே ஒரு குறிப்பு இருக்கிறது: "டீசல் குழாய், வரைபடத்தில் 320. எஞ்சினில் 280. மூன்று முறை அளந்தேன்." அதற்குக் கீழே வெற்றிடம். நாள் தவறாமல் பக்கத்தை நிரப்புகிறவளுக்கு அது முள்ளாகக் குத்துகிறது.

முதல் வரிக்கு மூன்று முயற்சிகள்:

மழை தூறிக்கொண்டிருந்த அந்தக் காலையில்... (தூறவில்லை.)

எந்த எஞ்சினும் தன் வரைபடத்தைப் படித்ததில்லை. (கெட்டிக்காரத்தனம்.)

வரைகிறவள் டேப்பை மறுபடியும் வைத்தாள்.

மூன்றாவது இருக்கட்டும். பிடிக்கிறது என்பதால் அல்ல, நடந்தது என்பதால்.

2.

வரைகிறவள் டேப்பை மறுபடியும் வைத்தாள். 280.

சின்ன டீசல் எஞ்சின்கள் செய்கிற தொழிற்சாலை. டேங்க், ஃபில்டர், பம்ப் இவற்றை இணைக்கும் குழாய்கள் எந்த வழியாகப் போக வேண்டும் என்று வரைவது அவள் வேலை. மாலையில் டிப்ளமோ வகுப்பு. இந்தப் புதிய எஞ்சின் ஒரு மூடிய பெட்டிக்குள் அடங்க வேண்டும். விரற்கடை இடத்துக்கும் அடிதடி. ஃபில்டரிலிருந்து பம்புக்குப் போகும் குழாயை வேறு வழியில்லாமல் ஒரு தாங்கிக்கு மேலே ஏற்றி இறக்கியிருந்தாள். சின்னதாக ஒரு மேடு.

(டீசல் குழாயில் மேடு கூடாது. உச்சியில் காற்று சேரும். அது பம்புக்குள் போனால் எஞ்சின் நின்றுவிடும். முதல் பருவத்துப் பாடம். அந்தத் தேர்வில் அவளுக்குத் தொண்ணூற்றாறு.)

ஆனால் மாதிரி எஞ்சின் நூறு மணி நேரம் ஓடியது. ஒருமுறைகூட நிற்கவில்லை. எல்லோரும் பெரியவர் என்று சொல்கிற மேலாளர் அவளைக் கூப்பிட்டுப் பாராட்டினார். மொத்தமாகக் குழாய் வெட்டச் சொல்வதற்கு முன் நீளத்தைச் சரிபார்க்கப் போனபோதுதான் இந்த 280. குழாயில் மேடே இல்லை. தாங்கிக்குக் கீழே நுழைந்து, சைலன்சருக்கு ஒரு விரல் தள்ளி, நேராகப் பம்புக்குப் போயிருந்தது.

தேறியது அவள் வரைந்த எஞ்சின் அல்ல.

3.

மாதிரி எஞ்சின்களைப் பூட்டுகிற ஃபிட்டரை எல்லோரும் கொக்கி என்பார்கள். இருபது வருடமாக எஞ்சினுக்கு அடியில் எட்டிப் பார்த்துப் பார்த்துக் கழுத்து அப்படியே நின்றுவிட்டது.

"அண்ணா, இந்தக் குழாயை யாரு வளைச்சது?"

"காத்தடிச்சு வளைஞ்சிருக்கும்."

"விளையாடாதீங்கண்ணா."

"நீ வரைஞ்சபடி போட்டிருந்தா பத்து மணி நேரத்துல மூச்சு முட்டிப் படுத்திருக்கும் தங்கச்சி. ஓடுச்சா இல்லையா?"

"ஷெட்டுல, ஃபேன் காத்துல ஓடுச்சு. பெட்டிக்குள்ள வச்சு மூடினா? சைலன்சர் சூட்டை இந்தக் குழாய் எத்தனை நாள் தாங்கும்?"

அவர் கையைத் துணியில் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த கை.

"அதை நான் யோசிக்கலியே." துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, "எழுதிக் குடுக்கப் போறியா?"

"குடுக்கணும்ணா."

"குடு. என் பேரு வராம எழுத முடியுதான்னு மட்டும் பாரு. இன்னொரு தரம் வரைபடத்தை மீறினா வீட்டுக்குப் போன்னு பெரியவரு போன வருஷமே கையெழுத்து வாங்கிட்டாரு. பொண்ணை இப்பதான் காலேஜ்ல சேத்திருக்கேன்."

(அந்தப் பெண் வருகிற வரியை இரண்டு முறை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். வாசகரை அழவைக்கும் மலிவான வேலை என்று தோன்றியது. ஆனால் அவருக்கு உண்மையிலேயே மகள் இருக்கிறாள். என்ன செய்ய?)

4.

இதுவரை எழுதியதை அக்கா படித்தாள், துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே.

"இந்த ஆளு ஏன்டி உங்கிட்ட சொல்லாம வளைச்சாரு?"

"அவர் அப்படித்தான்."

"அப்படித்தான்னா? வாயில கொழுக்கட்டையா? இருபது வருஷம் வேலை பாத்தவரு ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா? முழுப் பூசணிக்காயை எந்தச் சோத்துல மறைச்சிருக்க?"

எழுந்து தண்ணீர் குடித்தேன். உட்கார்ந்தேன். மறுபடியும் எழுந்தேன்.

அக்கா சொன்னது சரி. நானும் வளைத்திருக்கிறேன். இரண்டாவது பகுதியில் ஒரு காட்சி குறைகிறது. அது இது:

கொக்கி அண்ணன் வரைபடத்தோடு என் மேசைக்கு வந்தார். "இந்த இடத்துல மேடு வருதே, தங்கச்சி?" நான் திரையிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னேன்: "வரையறது என் வேலை, வளைக்கிறது உங்க வேலைண்ணா." சுற்றியிருந்த நாலு பேர் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். வரைபடத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

இன்னொன்றும் இருக்கிறது. சோதனைக்கு முன் எஞ்சினை அளந்து பார்த்து, "வரைபடத்தின்படி உள்ளது" என்று கையெழுத்துப் போட வேண்டியவளும் நான்தான். எதையும் மூன்று முறை அளக்கிறவள் அன்று ஒருமுறைகூட அளக்கவில்லை. வகுப்பில் தேர்வு இருந்தது. பஸ்ஸுக்கு ஓடினேன்.

5.

மாற்றக் குறிப்புப் படிவத்தில் ஒரு கேள்வி: "பிழை எப்படி ஏற்பட்டது?" கீழே இரண்டு வரிக்கு இடம்.

முடிவு அ: "உற்பத்தி வசதிக்காகக் குழாயின் நீளம் குறைக்கப்படுகிறது." அவரும் பிழைப்பார், நானும் பிழைப்பேன். பெட்டிக்குள் அந்தக் குழாய் என்ன ஆகும் என்று யாரும் சோதிக்க மாட்டார்கள்.

முடிவு ஆ: "ஃபிட்டர் அனுமதியின்றி வரைபடத்தை மீறினார்." ஒவ்வொரு சொல்லும் உண்மை. இந்த மாதம் என் வேலை நிரந்தரமாகிவிடும்.

முடிவு இ: "மேடு என் பிழை. அது சுட்டிக்காட்டப்பட்டபோது நான்..." சுட்டிக்காட்டியது யார் என்று கேட்பார்கள். பெயரைச் சொன்னால், பிறகு வளைத்தது யார் என்பதும் கூடவே வரும். அவரைக் காப்பாற்றுவதும் இந்த வரிதான், மாட்டிவிடுவதும் இந்த வரிதான்.

(முடிவு ஈ என்று எழுதி, ஐந்து நிமிடம் பார்த்து, அடித்துவிட்டேன்.)

6.

இன்று காலை என் மேசையில் இரண்டு பொருட்கள் இருந்தன. ஒன்று, எஞ்சினிலிருந்து கழற்றிய குழாய். இன்னொன்று, நாலாக மடித்த என் வரைபடம். மேட்டைச் சுற்றிப் பென்சிலில் ஒரு வட்டம், பக்கத்தில் தேதி. நாலு பேர் சிரித்த அன்றைய தேதி.

ஓடிப்போய் அவரைப் பிடித்தேன். "இந்த வரைபடத்தையும் சேத்து அனுப்பட்டுமாண்ணா?"

"வளைக்கிறதுதான் என் வேலைன்னு நீதான சொன்ன?" என்றார், கழுத்தைத் திருப்பாமல். "மத்ததை நீயே பாத்துக்கோ."

ஒன்பது மணிக்குப் பெரியவர் வருவார். இப்போது எட்டு ஐம்பது. படிவம் இதுவரை இப்படி இருக்கிறது:

பிழை எப்படி ஏற்பட்டது?

.....................................................

.....................................................

இணைப்புகள்: 1. குழாய், 280 மி.மீ.

2.

அந்த "2" என்ற எண்ணை நான் போட்டுவிட்டேன், பேனாவால். அழிக்க முடியாது. அதற்குப் பக்கத்திலும் மேலே உள்ள இரண்டு வரிகளிலும் என்ன வரவேண்டும் என்று இப்போது உங்களுக்கும் தெரியும். எனக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. நீங்கள் முதலில் எழுதிப் பாருங்கள்.